மூன்று ராணிகளும் ஒரு பெட்டியும்

ராஜாக்கள் வீட்டுக்கும் டி.வி. வந்துவிட்ட காலத்தில் நடந்தது இது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், கதை கோபித்துக்கொண்டு போய்விடும்.

வெண்ணாற்றூர் ராஜா பராந்தகப் பூபதிக்கு மூன்று ராணிகள். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு டி.வி. ஆனால் படமும் தொடரும் இன்டர்நெட்டிலிருந்து கொண்டுவரும் ஸ்ட்ரீமிங் பெட்டி மட்டும் ஒன்றே ஒன்று. ராஜாவோ எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர், இன்னொன்று வாங்கமாட்டார். பெட்டியைப் பிடுங்கி மாட்டிச் சேவகர்களுக்குக் கை ஓய்ந்தது, சண்டை மட்டும் ஓயவில்லை.

சபை விகடர் மருதப்பர் சாமர்த்தியத்துக்குப் பேர்போனவர், அதைவிட மீசைக்கு. அந்த மீசைமேல் மந்திரி அபயங்கரருக்கு வெகுநாளாக ஒரு கண். மருதப்பர் மனம் வைத்தால் முடியாததா என்று ராஜாவின் காதில் ஓதிவைத்தார். உடனே உத்தரவு பிறந்தது.

"பெட்டி ஒன்றுதான். மூன்று ராணியும் ஒரே நேரத்தில் அவரவர் ஆசைப்பட்டதைப் பார்க்கவேண்டும். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் உம்முடைய மீசையை எடுத்துவிடும்."

மருதப்பர் இரு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். கல்யாணத்தன்று மாமனார் கெஞ்சியும் எடுக்காத மீசை அது. ராணிகளின் அறைப்பக்கம் போய் நோட்டம் விட்டார். பெட்டி கையில் இருக்கும்போதுகூட ஒரு ராணியும் நிம்மதியாகப் படம் பார்க்கவில்லை. மற்றவள் நேற்று என்ன பார்த்தாள் என்று தாதியிடம் துருவிக் கேட்பதிலேயே பொழுது போனது. மருதப்பர் மீசையைத் தடவிக்கொண்டார்.

யார் அறையில் வைத்தாலும் வம்பு என்று சொல்லி, பெட்டியை மதிலை ஒட்டியிருந்த தன் வீட்டிலேயே வைத்தார். படத்தைப் பிரித்து அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை அதில் மாட்டி, மூன்று அறைக்கும் ஒயர் இழுத்தார். இனி மூன்று டி.வி.யிலும் ஒரே படம்தான். பிறகு ஒவ்வொரு ராணியிடமும் தனித்தனியே போய்க் கிசுகிசுத்தார். பெரியவளிடம், "இது நடு ராணி ரகசியமாகப் பார்ப்பது, தாயே. வெளியே மூச்சு விடாதீர்கள்." நடு ராணியிடம் சின்னவளைச் சொன்னார், சின்னவளிடம் பெரியவளை.

பௌர்ணமியன்று மந்திரி நாவிதரோடு வந்து நின்றார். ராஜா ராணிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். மூவரும் தலையைக் குனிந்து சிரித்தபடி ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஆசைப்பட்டதுதான் தெரிகிறது, பிரபு." நாவிதர் வந்ததற்கு மந்திரிக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார்.

ராஜாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. மருதப்பரைத் தனியே அழைத்தார்.

"ஓய், பத்து நாளாக மூன்று ராணியும் போட்டி போட்டு ஊறுகாய் போடுகிறார்கள். காலையில் எலுமிச்சை, ராத்திரி நார்த்தங்காய். என் நாக்கு வெந்துபோயிற்று. என்ன செய்தீர்?"

மருதப்பர் உள்ளதைச் சொன்னார். மூன்று டி.வி.யிலும் ஓடுவது ஒரே ஊறுகாய் நிகழ்ச்சி. அடுத்தவள் அதில் கற்கிற ஊறுகாயைத் தான் முந்திப் போட்டுவிட வேண்டுமென்று மூவருக்கும் ஆவேசம்.

"அப்படியானால் ஊறுகாய் நிகழ்ச்சியை உண்மையில் பார்ப்பது யார்?"

"என் வீட்டுக்காரி செண்பகவல்லி, பிரபு. பெட்டி எங்கள் கூடத்தில், ரிமோட் அவள் இடுப்பில்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மூக்கில் நின்றது. மீசைக்கென்று ஒரு தந்தச் சீப்பைப் பரிசளித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயிற்றுக்கிழமை கபடி இறுதி ஆட்டம் வருகிறது. அதைக் கொஞ்சம் வைக்கச் சொல்லுமேன்."

"நானும் தினம் அதைத்தான் கேட்கிறேன், பிரபு. அங்கே என் மீசை செல்லாது. உங்கள் கிரீடம் செல்லுமா என்று வேண்டுமானால் வந்து பாருங்கள்."