கருமணியின் உருண்டை

ஆற்று நடுவில் ஒரு மண்திட்டு. அதில் கருமணி என்றொரு சாணிவண்டு இருந்தாள். உழைப்பென்றால் அப்படியொரு உழைப்பு! விடிந்ததும் உருட்ட ஆரம்பித்தால் வெயில் சாயும்வரை ஓயமாட்டாள்.

சாணிவண்டுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போனாலும் சரி, பக்கத்து வளைக்கு நலம் விசாரிக்கப் போனாலும் சரி, ஓர் உருண்டையை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். உருண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு மரியாதை. சும்மா போய் நின்றால் மானம் போய்விடும்.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. ஒன்பதாம் நாள் காலையில் கருமணி வளையைவிட்டு வெளியே வந்து பார்த்தால், ஆறும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. எங்கும் வெள்ளை மூட்டம். மரங்கள் அதற்குள் மிதப்பதுபோல் நின்றன. தண்ணீர் சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திட்டு முழுகிவிடும். பறக்கலாம் என்றால், நனைந்த இறக்கை உடம்போடு ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு யானை வந்தது. உண்மையில் வருகிறதா, கனவில் வருகிறதா என்று சொல்ல முடியாதபடி அவ்வளவு மெதுவாக வந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை. தானாகத்தான் வந்தது. திட்டின் ஓரத்தில் நின்று, தும்பிக்கையைத் தரையில் நீட்டி, "ஏறிக்கொள்ளுங்கள், அக்கரையில் விடுகிறேன்" என்றது.

முயல் ஏறியது. ஓணான் ஏறியது. செங்கண்ணன் என்ற கீரியும் ஏறினான். அந்தத் திட்டில் அவன் திருடித் தின்னாத முட்டையே கிடையாது.

கருமணிக்கு வயிறு எரிந்தது. அந்தத் திருட்டுப் பயல் சும்மா ஏறிப் போகட்டும், அவன் வளர்ந்த விதம் அப்படி. நான் அப்படிப் போவேனா? யானை முதுகென்றால் யானைக்குத் தகுந்த உருண்டை வேண்டாமா? இப்படி நினைத்துக்கொண்டு, தலையைக் கீழே போட்டு, பின்னங்கால்களால் ஒரு சாணி உருண்டையை உருட்டத் தொடங்கினாள்.

மழை அதைக் கரைத்தது. மறுபடி சேர்த்து ஒட்டினாள். மறுபடியும் கரைந்தது. யானை கூப்பிட்டது. இதோ வந்துவிட்டேன், இன்னும் கொஞ்சம்தான் என்றாள். மூன்று தடவை கூப்பிட்டது. மூன்று தடவையும் அதே பதில்தான்.

முதுகில் இருந்தவர்கள், போகலாம் போகலாம் என்று பதறினார்கள். யானை நகரவில்லை. வெள்ளம் அடித்துவந்த ஒரு மரக்கிளை அதன் விலாவில் மோதிக் கிழித்தது. அப்போதும் நகரவில்லை. தும்பிக்கை நீட்டியபடியே இருந்தது.

கடைசியில் கருமணி நெல்லிக்காய் அளவுக்கு ஓர் உருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"ஐயா, உங்கள் பெருமைக்கு இது போதாது. மனசு வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள்."

யானை அதை முகர்ந்து பார்த்தது. அதன் கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது.

"கருமணி, போன மாதம் இந்தப் பக்கம் வந்தபோது நான் போட்ட லத்தி அல்லவா இது?"

கருமணி கூனிக் குறுகிப்போனாள். "என்னிடம் வேறு ஒன்றும் இல்லையே, ஐயா" என்றாள்.

"நான் ஒன்றும் கேட்கவில்லையே, தாயே. உன்னைத்தானே கூப்பிட்டேன். ஆறு காலாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்னை எதைக்கொண்டு பிடிப்பாய்? அதை விடு."

தண்ணீர் அவள் காலைத் தொட்டது. ஆனாலும் விட மனசு வரவில்லை. உருண்டை இல்லாத வண்டை யார் மதிப்பார்கள்? அதை விட்டுவிட்டால் தான் யார் என்றே தெரியாதே! அழுகை பொங்கி வந்தது. அழுதுகொண்டே ஒவ்வொரு காலாக எடுத்தாள். உருண்டை மிதந்து, கரைந்து, காணாமல் போயிற்று. அடுத்த கணம் வெதுவெதுப்பான தும்பிக்கை அவளைத் தூக்கிக்கொண்டது.

யானை நடந்தது. பஞ்சுக்குள் போவதுபோல் இருந்தது. கீழே எட்டிப் பார்த்தபோதுதான் கருமணி அந்தக் காயத்தைப் பார்த்தாள். தனக்காகக் காத்து நின்றபோது பட்டது அது. யானை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கரையில் எல்லாரையும் இறக்கிவிட்டு, இன்னும் யாரோ தவிக்கிறார்கள் என்று யானை மறுபடி மூட்டத்துக்குள் இறங்கிப் போயிற்று. கருமணி அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கண்ணன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"நீ ராப்பகலாக உழைக்கிறவள். யானைக்கு என்ன கொடுத்தாய்?" என்று கேட்டான்.

"ஒன்றுமே கொடுக்கவில்லை, அண்ணே."

"நானும்தான்" என்றான் அவன். இரண்டு பேரும் வெகுநேரம் ஒன்றாகவே உட்கார்ந்திருந்தார்கள்.

இயேசு தரும் இரட்சிப்பும் இலவசமே. விலை முழுவதையும் அவரே சிலுவையில் செலுத்தித் தீர்த்திருக்க, நாம் வெறுங்கையோடு போய் வாங்கிக்கொண்டாலே போதும்.