முல்லை ஏறிய கிரில்

ஓய்வுபெற்ற தாசில்தார் வேதமூர்த்தியின் வீட்டை இட்லிக்கடை செல்லக்கிளி வாங்கினாள். சாவிக்காகப் புரோக்கரோடு போனால், மனுஷன் ஆள் வைத்து மின்விசிறி, குழாய், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயா, வீடுன்னா இதெல்லாம் சேர்த்துத்தானே?”

“ஸ்க்ரூ போட்டதெல்லாம் என்னுது. மண்ணுல முளைச்சது மட்டும் உன்னுது. புரோக்கர் சாட்சி!” என்று உத்தரவு போட்டார்.

அடுத்து வராந்தா கிரில்லில் கை வைத்தார்கள்.

“தாராளமா எடுங்க ஐயா. ஆனா அதுல பின்னிக் கிடக்கிற முல்லைக்கொடி மண்ணுல முளைச்சது. என் கொடியில ஒரு தளிர்கூட அறுபடக் கூடாது.”

புரோக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். வேதமூர்த்தி கொடியைப் பார்த்தார். காலமான மனைவி நட்டது. இட்லி வாங்க வரும்போதெல்லாம் அந்தம்மா இந்தக் கொடியின் பெருமையைத்தான் செல்லக்கிளியிடம் பேசுவாள்.

“கிரில் இருக்கட்டும்” என்றார். கழற்றிய ஆளிடம் திரும்பி, “விசிறியையும் மாட்டிடுப்பா.”

செல்லக்கிளிக்கு மனசு இளகிவிட்டது. “கொடிதான் ஐயா என்னுது. பூவெல்லாம் அம்மாவுது. தினம் ஒரு முழம் கட்டி அம்மா படத்துக்குக் கொண்டாந்து தர்றேன்.”

“நானே வந்து பறிச்சுக்கட்டுமா?” என்று கேட்டார் தாசில்தார், கையில் மனுவோடு வந்து நிற்கிறவர் மாதிரி.