பக்கத்து சேனலில் ஒரு டீ

“பக்கத்து சேனல் சத்தத்தை வடிகட்டுகிற பில்டர் பிரமாதம்” என்று புளுகி ஒரு ஹாம் ரேடியோ செட்டை என் தலையில் கட்டிவிட்டு, என் பழைய செட்டைப் பிடுங்கிக்கொண்டது நீர்தான் வே. பக்கத்து சேனலில் யாராவது வாயைத் திறந்தால் நான் கேட்கிற ஆளின் குரல் அமுங்கிப்போகிறது என்று முறையிட்டேன். நம் ரேடியோ கிளப் தலைவர் என்ற பந்தாவில் என்ன சொன்னீர்?

“உமக்குக் காது கோளாறு. எல்லார் முன்னாலும் நிரூபியும், பழைய செட்டைத் தந்துவிடுகிறேன்.”

ஞாயிறு காலையில் வரச் சொன்னீர். அந்த நேரத்தில் பக்கத்து சேனலில் ஈ காக்கா இருக்காது என்ற கணக்கு எனக்குத் தெரியாதா?

மேசையில் இரண்டு செட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் ஒரே சேனலில் வைத்தோம்; இரண்டிலும் நாகர்கோவில்காரர் ஒருவர் தெளிவாகப் பேசினார். மீசையைத் தடவினீர்.

“அருமை அண்ணாச்சி, ஒரு டீ சொல்லட்டுமா?” என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினேன். வாசலில் காரில் இருந்த என் சிநேகிதன் லூர்து, பக்கத்து சேனலில் தன் செட்டைத் திறந்தான். நீர் தந்த செட்டில் நாகர்கோவில்காரரை அமுக்கிக்கொண்டு, உம்முடைய பிரமாத பில்டரைத் தாண்டி அவன் குரல் வந்து விழுந்தது:

“அண்ணாச்சிக்கு சர்க்கரை போடலாமா?”

என் பழைய செட்டிலோ நாகர்கோவில்காரர் அசராமல் பேசிக்கொண்டிருந்தார்.

கிளப்பே சிரித்தது. “காரு ரொம்பக் கிட்ட நிக்குது” என்று மழுப்பினீர். இரண்டு செட்டுக்கும் அதே தூரம்தானே வே? சொன்ன சொல்லை இனியாவது காப்பாற்றி, என் செட்டைக் கொண்டுவந்து தாரும்.