கித்தேரியும் பூஜ்யத்துல படுத்திருந்தவனும்

ஒரே ஒரு கடற்கரை ஊர்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சாம். அதைப் பாத்துக்க ஒரு பொண்ணு இருந்தா, பேரு கித்தேரி. ம் சொல்லு.

ம்.

மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு சின்ன அறை. அதுல அந்தக் கம்ப்யூட்டர், ஒரு மைக்கு, கூரை மேல ஒரு குழாய் ஸ்பீக்கர். தினம் மத்தியானம் ரெண்டரைக்கு கித்தேரி கம்ப்யூட்டரைப் போட்டு, வானிலைப் பக்கத்தைத் திறந்து, காத்து எப்படி, அலை எம்புட்டு உயரம்னு பாத்து மைக்குல படிப்பா. அதைக் கேட்டுட்டுத்தான் நாலு மணிக்கு வள்ளமெல்லாம் கடலுக்குப் போகும். அந்த ஊர்ல போனுக்கு டவர் கிடைக்காது. கம்ப்யூட்டருக்கு மட்டும் கம்பி வழியா இன்டர்நெட்டு வரும். கித்தேரி புருஷன் சவேரியும் ஒரு வள்ளத்துல போறவன்தான். அந்த வள்ளம் மிக்கேல் சம்மாட்டியோடது. சம்மாட்டின்னா வள்ளத்துக்குச் சொந்தக்காரர்.

கித்தேரிக்கு வேலை கத்துக்குடுத்த சார், "தெரியாததைத் தொடாதீங்க"ன்னு சொல்லியிருந்தார். அவளும் ரெண்டு வருஷமா திரையில ரெண்டே ரெண்டு படத்தைத்தான் தொட்டா. ஒண்ணு இன்டர்நெட்டு. இன்னொண்ணு மூடுறது. கம்ப்யூட்டர்ல அந்த ரெண்டுதான் ஓடுதுன்னு அவ நெனப்பு.

அப்புறம் ஒரு நாள் என்னாச்சு, ரெண்டரைக்குப் போட்டா, கொர்ர்ர்ர்ர்னு ஒரு சத்தம். பெட்டிக்குள்ள இருக்கிற ஃபேனு. வானிலைப் பக்கம் பாதி வந்து நின்னுபோச்சு. வட்டம் மட்டும் சுத்துது, சுத்துது, சுத்துது.

ம்.

கித்தேரி மைக்குல, கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுது, எல்லாரும் பொறுங்கன்னு சொன்னா. கரையில இருந்து மிக்கேல் சம்மாட்டி ஆள் அனுப்பினார். வானம் பளிச்சுன்னு இருக்கு, நாலு மணி வரைக்கும் பாப்போம், அதுக்கப்புறம் நாங்க போறோம்னு சேதி.

அப்போ அவ முதல்ல என்ன பண்ணா, திறந்திருந்ததை எல்லாம் மூடினா. டக்கு, டக்கு, டக்கு. திரையில ஒண்ணுமே இல்ல. ஆனா கொர்ர்ர்ர் நிக்கல. பெட்டியைத் தொட்டா சுடுது. ஆளே இல்லாத வீட்டுல யாரு மிக்ஸி ஓட்டுறதுன்னு யோசிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா.

அப்புறம் பழைய நோட்டை எடுத்தா. கடைசிப் பக்கத்துல, மூணு பட்டனைச் சேத்து அமுக்கினா என்னென்ன ஓடுதுன்னு பட்டியல் வரும்னு சார் சொன்னதை எழுதி வச்சிருந்தா. அமுக்கினா. வந்துச்சு பாரு பட்டியல்! ரெண்டு இல்ல. நாப்பது, அம்பது, தொண்ணூறு. திரையில முகமே காட்டாம உள்ளுக்குள்ள அத்தனை பேர் வேலை பாத்துக்கிட்டிருக்காங்க. ஒருத்தரையும் அவளுக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா அவங்களோட ஒரே அறையில இருந்திருக்கா.

ம்.

பயத்துல, பேரு பிடிக்காத ஒருத்தனைப் பாத்து நிறுத்துன்னு அமுக்கிட்டா. பொசுக்! படமெல்லாம் போச்சு, கீழ இருந்த பட்டையும் போச்சு, திரை கருப்பு. பாவம், திரையில படத்தையெல்லாம் காட்டுறவனே அவன்தான். வேற வழியில்லாம பெட்டியை அணைச்சு மறுபடி போட்டா. அது எந்திரிச்சு வர இருபத்தஞ்சு நிமிஷம். வந்ததும் அதே கொர்ர்ர்ர்.

மணி மூணே முக்கால். கரையில வலை ஏத்துறாங்க. சவேரி வள்ளத்துல சோத்துத்தூக்கை வைக்கிறது ஜன்னல் வழியா தெரியுது. ஆனா இந்தத் தடவை கித்தேரி எதையும் உடனே அமுக்கல. படிச்சா.

ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஒரு எண் இருந்துச்சு. யாரு கம்ப்யூட்டர்கிட்ட எவ்வளவு வேலை வாங்குறாங்கன்னு காட்டுற எண்ணு. அந்த வரிசைத் தலைப்பைத் தொட்டதும், அதிகமா தின்னுறவன் மேல வந்து நின்னான். நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு. பேரைப் பாத்தா ரொம்ப நல்லவன், 'சிஸ்டம் உதவியாளர்'னு. சரி, நீ எங்க இருந்து வர்றன்னு அவன் இருக்கிற இடத்தைத் திறந்து பாத்தா. மத்தவங்க எல்லாம் கம்ப்யூட்டரோட சொந்த அறைக்குள்ள இருந்தாங்க. இவன் மட்டும் தனியா, ஃபோல்டர்னு சொல்ற ஒரு பெட்டியில இருந்தான். பெட்டி பேரு 'கல்யாண வீடியோ கட்டர் இலவசம்'.

அவனை நிறுத்தினா. ஃபேன் அடங்குச்சு. எண்ணி மூணாவது நொடி, கொர்ர்ர்ர். திரும்ப வந்துட்டான். மறுபடி நிறுத்தினா. மறுபடி வந்துட்டான்.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

மூணாவது தடவை நிறுத்தாம, அதே பெட்டிக்குள்ள வேற யாரு இருக்கான்னு பாத்தா. ஒரு குட்டிப் பய இருந்தான். பட்டியல்ல கீழ, பூஜ்யத்துல படுத்திருந்தான். ஒரு வேலையும் செய்யல. பெரியவன் விழுந்தா எழுப்பி விடுறது மட்டும்தான் அவன் வேலை. கித்தேரி முதல்ல குட்டியை நிறுத்தினா. அப்புறம் பெரியவனை நிறுத்தினா. ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்து வரைக்கும் எண்ணினா. யாரும் வரல. அறை அமைதியாச்சு.

வானிலைப் பக்கம் முழுசா வந்துச்சு. சாயங்காலத்துல இருந்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துல சூறைக்காத்து, யாரும் கடலுக்குப் போக வேண்டாம்னு சிவப்பு எழுத்து. கித்தேரி மைக்கைப் பிடிச்சு மூணு தடவை படிச்சா. மூணாவது தடவை சவேரி பேரைக் கூப்பிட்டு, இறங்குன்னு சொன்னா. அது வானிலையில இல்ல, அவளா சேத்துக்கிட்டது.

மிக்கேல் சம்மாட்டி வள்ளத்தை அப்பதான் தண்ணியில தள்ளியிருந்தார். இடுப்பு வரைக்கும் நனைஞ்சபடி அறை வாசலுக்கு வந்து நின்னார்.

"இவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு, இப்பப் போகாதன்னா என்ன அர்த்தம்?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஆள் இருந்தாங்க மாமா."

"யாரு?"

கித்தேரி திரையை அவர் பக்கம் திருப்பி, அந்தப் பெட்டி பேரைக் காட்டினா. முந்தின நாள் மக கல்யாண வீடியோவை வெட்டணும்னு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, அந்தக் கட்டரை அதுல போட்டவர் அவர்தான். அவர் அதை ரெண்டு தடவை படிச்சார். சட்டையில இருந்து தண்ணி சொட்டுச்சு, சொட்டு, சொட்டு, சொட்டு. அப்புறம் திரும்பிப் போய் வள்ளத்தைக் கரையில ஏத்தினார். அவர் ஏத்தினதைப் பாத்து மத்தவங்களும் ஏத்தினாங்க.

ஆறு மணிக்குக் காத்து வந்துச்சு. வூஊஊஊன்னு. கோயில் கொட்டகைத் தகரம் ரெண்டு பறந்து போச்சு. கட்டி வச்ச வள்ளம் ரெண்டு புரண்டுச்சு. உள்ள ஆள் யாரும் இல்ல. சவேரி வீட்டுல, கடலுக்குக் கட்டின சோத்தைத் தின்னுக்கிட்டு, குழம்புல உப்பு கம்மின்னு சொன்னான். கித்தேரி அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தா.

மறுநாள் அந்த வீடியோ கட்டரை மொத்தமா எடுத்தா. கம்ப்யூட்டரைப் போட்டதும் யாரெல்லாம் தானா எந்திரிக்கிறாங்கன்னு இன்னொரு பட்டியல் இருந்துச்சு. அதையும் பாத்து, வேண்டாதவங்களைப் படுக்க வச்சா. அப்புறம் மிச்சம் இருந்த அத்தனை பேரையும் ஒரு நோட்டுல எழுதினா. இவன் சத்தத்துக்கு, இவ பிரிண்டருக்கு, இவரு கடிகாரத்துக்குன்னு தினம் மூணு பேரா விசாரிச்சா. மாசக் கடைசியில எல்லாரும் தெரிஞ்சவங்களாயிட்டாங்க, ஒருத்தனைத் தவிர. அவன் என்ன செய்யுறான்னு அவளுக்கு இன்னும் தெரியல. ஆனா சொந்த அறைக்குள்ள இருக்கான், பெருசா ஒண்ணும் தின்னல. அதனால அவனை விட்டு வச்சிருக்கா. தினம் ரெண்டரைக்கு, இருக்கானான்னு மட்டும் ஒரு பார்வை பாத்துக்குவா.

ம்...

வள்ளமும் கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. நீ கண்ணை மூடு.