அடுக்குச் செம்பருத்தி

"இனிமே என்னால முடியாது மேடம். நாளைக்கு வேலையை விட்டுடப் போறேன்."

பூங்கோதை இதைச் சொன்னபோது, ஞானசுந்தரி மேடம் கல்லூரித் தாவரவியல் துறைக்குப் பின்னால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பூங்கோதைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். பூங்கோதை இப்போது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு உயிரியல் டீச்சர்.

"என்னாச்சு?"

"நேத்து குளத்துத் தண்ணி ஒரு சொட்டு கொண்டுபோய் மைக்ரோஸ்கோப்புல வச்சேன். உள்ள என்னென்னமோ நீந்துது. வந்து பாருங்கடின்னேன். பரீட்சைக்கு வருமா மிஸ்னு கேக்குறாளுக."

"வராதே."

"வராதுன்னுதான் சொன்னேன். அவ்வளவுதான், அத்தனை பேரும் கைடைத் தொறந்துட்டாளுக."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் ஒன்றும் விருதுக்கு ஆசைப்பட்டவள் இல்லை. ஒரு பிள்ளையாவது லென்ஸில் கண்ணை வைத்து, "ஐயோ, இது என்ன மிஸ்?" என்று கேட்டுவிடாதா என்று ஏங்கினாள். அந்த ஒரு ஐயோகூடக் கிடைக்காத வேலையைக் கட்டிக்கொண்டு எதற்கு அழுவது?

"இத்தனை வருஷத்துல ஒருத்திகூட தானாப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்ல மேடம்."

மேடம் ஒரு செம்பருத்தியைப் பறித்து நீட்டினார்.

"இதைப் பத்திச் சொல்லு."

மனுஷி நொந்துபோய் நிற்கும்போது வாய்மொழிப் பரீட்சை நடத்துகிறாரே என்று பூங்கோதைக்கு எரிச்சல். இருந்தாலும் பழகின வாய் சும்மா இருக்குமா?

"புல்லி இதழ் அஞ்சு. அல்லி இதழ் அஞ்சு. மகரந்தத்தாள் எல்லாம் ஒரே கற்றையா, நடுவுல குழல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்."

"அல்லி எத்தனை?"

"அஞ்சு."

"பார்த்துச் சொல்லு."

பார்த்தாள்.

அடுக்குச் செம்பருத்தி. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எண்ணினால் அஞ்சில் நிற்காது. நடுவில் குழலையே காணோம். மகரந்தத்தாள்கள் எல்லாம் இதழாக மாறிப்போயிருந்தன.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மேடம் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

பூங்கோதை அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதே பூவை யாரோ முன்பும் அவளிடம் நீட்டியிருக்கிறார்கள்.

"மேடம்."

"ம்."

"போன வருஷம், லெவன்த்ல, ஒரு பொண்ணு இந்தப் பூவைக் கொண்டாந்தா. வாடாம இருக்கணும்னு டிபன் பாக்ஸ்ல ஈரத்துணி போட்டு வச்சிருந்தா. எங்க வீட்டுப் பூவுல அஞ்சுக்கு மேல இருக்கே, ஏன் மிஸ்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"பரீட்சை நெருங்கியிருச்சு மேடம். இன்னும் ரெண்டு பாடம் பாக்கி."

"என்ன சொன்னே?"

பூங்கோதை கையிலிருந்த பூவைத் திருப்பினாள்.

"இதெல்லாம் பரீட்சைக்கு வராது, அஞ்சுன்னே எழுது, உக்காருன்னேன்."

மேடம் குழாயை மூடினார்.

"அவ இப்ப கேள்வி கேக்குறாளா?"

"கேக்குறா." குரல் உள்ளே போய்விட்டது. "நேத்து பரீட்சைக்கு வருமான்னு முதல்ல கேட்டதே அவதான்."