கட்டுவோர் வழக்கப்படி ஒரு மாளிகை

முன்னொரு காலத்தில், ஓலையைப் படித்துப் பார்ப்பது கௌரவக் குறைவு என்று ராஜாக்கள் நினைத்திருந்த காலத்தில், ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆசை ஒன்று வந்துவிட்டால் மட்டும் பொறுமை போய்விடும். ராணிக்கு ஏரிக்கரையில் ஒரு மாளிகை கட்ட வேண்டும் என்று ஒருநாள் அவருக்கு ஆசை வந்தது.

"கல் எங்கே, மரம் எங்கே என்று யாரும் என்னிடம் வந்து நிற்கக்கூடாது. என் கைக்குச் சாவி வந்தால் போதும்!" என்று சபையில் அறிவித்தார்.

அரண்மனைக் கட்டட வேலைகளைப் பார்க்கும் மழவராயர் சட்டென்று எழுந்தார். "அரசே, எல்லாப் பொறுப்பும் அடியேனுடையது. ஓராண்டில் சாவியைத் தங்கள் திருக்கரத்தில் வைப்பேன்" என்று ஓர் ஓலையை நீட்டினார். அதில் இருந்தது நாலே வரி. எட்டு அறை, மேலே கூரை, தேக்குக் கதவு, பூட்டு, சாவி. கடைசியில், ‘மற்றவை கட்டுவோர் வழக்கப்படி.’

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிட்டார். அப்போது, அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் இருந்த வெள்ளையப்பன் தொண்டையைச் செருமினான்.

"அரசே, அந்தக் கடைசி வரி கொஞ்சம் இடிக்கிறதே. எந்தக் கட்டுவோர்? எந்த வழக்கம்?"

மழவராயருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெள்ளையப்பனுக்குச் சபையில் இருந்த செல்லம் நெடுநாளாகவே அவருக்குப் பிடிக்காது. "குறை சொல்வது சுலபம், அரசே. இதே ஓலைப்படி இவன் ஒரு மாளிகை கட்டிக் காட்டட்டும். எனக்கு ஓராண்டு. இவன்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே, நாற்பது நாள் போதாதா? ஓலையில் உள்ளதில் ஒன்று குறைந்தாலும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்!"

முத்திரை தள்ளிப்போன எரிச்சலில் இருந்தார் ராஜா. "அப்படியே ஆகட்டும். உமது ஓலை அதுவரை காத்திருக்கட்டும், மழவராயரே" என்றார்.

வீட்டில் வெள்ளையப்பனின் மனைவி பொன்னாச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வயித்துல பிள்ளையை வச்சிக்கிட்டு நான் எந்த ஊருக்குன்னு நடப்பேன்? கிளம்புறப்பவே அந்த வாயைப் பூட்டிட்டுப் போயிருக்கக்கூடாதா?"

ஊரைச் சிரிக்க வைப்பவன் அன்று திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். எட்டு அறை மாளிகையை நாற்பது நாளில் எந்தக் கொத்தன் கட்டுவான்? சபையில் எழுதி வாங்கி வந்த ஓலையின் நகலை மறுபடி எடுத்துப் படித்தான். மூன்றாம் முறை படிக்கும்போது கடைசி வரியில் கண் நின்றது. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்கு வெளியே ஆட்டுப்பட்டி கட்டிக் கொடுக்கும் காடையனிடம் போனான்.

"மாளிகையெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லீங்க. பட்டி கட்டத்தான் தெரியும்" என்றான் காடையன்.

"அந்தப் பழக்கம்தான் வேணும். எட்டு அறை, கூரை, தேக்குக் கதவு. மத்ததுல உங்க வழக்கத்தை ஒரு விரற்கடைகூட மாத்தக்கூடாது."

நாற்பதாம் நாள் மேளதாளத்தோடு புதுமனை புகுவிழா. முதலில் உள்ளே போகப் பசுவும் கன்றும் தயார். பின்னால் பால்குடத்தோடு ராணி. வெள்ளையப்பன் பணிவாகச் சாவியைக் கொடுத்தான். ராஜா கதவைத் திறந்தார்.

இரண்டு முழ உயரப் பரண் மேல் நின்றது வீடு. படி இல்லை. வாசலின் உயரமும் இடுப்பளவுதான். பசு ஒருமுறை பார்த்தது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அசைய மறுத்துவிட்டது. ராஜா விடவில்லை. ஏறித் தவழ்ந்து உள்ளே போனார். நிலையில் இடித்துக் கிரீடம் வெளியே உருண்டது. புழுக்கை கீழே விழத் தரையில் விட்டிருந்த இடுக்கில் அவருடைய ஒரு கால் சிக்கிக்கொண்டது.

"பாலை எங்கே காய்ச்சுவது? அடுப்பே காணோமே!" என்றாள் ராணி.

மழவராயருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "இதுவா மாளிகை? படி எங்கே? ஆள் நிமிர்ந்து நுழைய நிலை எங்கே? அடுப்படி? புகை போக வழி? கிணறு? மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால்?" மூச்சு வாங்கும்வரை அடுக்கினார்.

வெள்ளையப்பன் பக்கத்தில் நின்ற அரண்மனை எழுத்தரிடம், "ஒன்றையும் விட்டுவிடாதீர்கள், எழுதுங்கள்" என்று மெல்லச் சொன்னான்.

மீசையில் வைக்கோலோடு ராஜா வெளியே வந்தார். "வெள்ளையப்பா, மூட்டையைக் கட்டு!"

"அரசே, ஓலையில் உள்ளதில் எது குறைந்தது? அறை எட்டு. கதவு தேக்கு. சாவி தங்கள் கையில். மற்றவை கட்டுவோர் வழக்கப்படி. கட்டியவர்கள் ஆட்டுப்பட்டி கட்டுகிறவர்கள். ஆடுகள் இதுவரை அவர்களிடம் படியும் கேட்டதில்லை, அடுப்பும் கேட்டதில்லை."

முதலில் சிரித்தது ராணிதான்.

"படியும் அடுப்பும்கூடவா எழுத வேண்டும்?" என்று குதித்தார் மழவராயர்.

"எழுதாவிட்டால், ஓராண்டு கழித்துத் தாங்கள் கொடுப்பதுதான் மாளிகை என்று அரசர் ஏற்க வேண்டியிருக்கும். இப்போது கவலை இல்லை. மாளிகைக்கு என்னென்ன வேண்டும் என்று தாங்களே இருபத்து மூன்று சொல்லிவிட்டீர்கள்." எழுத்தரின் ஓலையை வாங்கி ராஜாவிடம் நீட்டினான். "இதையும் அவர் ஓலையில் சேர்த்துவிட்டு முத்திரை வையுங்கள், அரசே."

ராஜா வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஓலையை வரி வரியாகப் படித்தார். கிணறு வந்ததும் நிமிர்ந்தார். "எவ்வளவு ஆழம், மழவராயரே?"

மழவராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "த... தண்ணீர் வரும்வரை, அரசே."

"அதையும் எழுதும்!" என்று ராஜா உரக்கச் சிரித்தார். "வெள்ளையப்பா, நீ எங்கும் போக வேண்டாம். என்ன பரிசு வேண்டும், கேள்."

"வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள், அரசே. இந்த மாளிகையையும் இதில் குடியிருக்க நாற்பது ஆடுகளையும் கொடுங்கள்."

"கொடுத்தோம்!"

வெள்ளையப்பன் நகரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு வெற்று ஓலையை எடுத்து நீட்டினான். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுத்தாணியைத் தாமே வாங்கி, ‘உயிருள்ள, பால் கறக்கும், நாற்பது ஆடுகள்’ என்று எழுதினார். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைத்தார்.