உள்ளங்கால்ல ரெண்டு தட்டு

ஏ சோலை, எதுக்குடி செவுத்தப் பாத்துப் படுத்திருக்க? அம்மா வர நாளான்னைக்கு ஆகும். அதுவரைக்கும் இந்த அத்தைகூடத்தான் படுக்கணும். அந்தக் கோடி வீட்டுப் பயக சொன்னத இன்னும் நெனச்சிட்டிருக்கியா? "செவிட்டம்மாவ யானை மிதிச்சிரும்"னானுங்களா? சொல்லட்டும். கால நீட்டு, ஒரு கதை சொல்றேன். "ம்" கொட்டணும், இல்லன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு காது கேக்காத பொண்ணு இருந்தா. சின்னதுல வந்த காய்ச்சல்ல காது போயிருச்சு, பேச்சும் வரல. கையாலதான் பேசுவா. அதே ஊர்ல ஒரு வாயாடியும் இருந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. இவ பேச வேண்டியதையும் சேத்து அவளே பேசுவா.

வருசா வருசம் சித்திரையில ஊர்ச்சனம் கல்பாசி எடுக்கக் காட்டுக்குப் போகும். குழம்புல போடுறோமே, அதேதான். மரத்துலயும் பாறையிலயும் ஒட்டிட்டிருக்கும். மூணு அருவி அடுத்தடுத்து விழுற ஒரு ஓடை. அந்த ஓடைக்கரையில நாலு கம்ப நட்டு, மேல காட்டு வாழை எலையப் போட்டு, மூணு நாளு தங்கணும். மூணு கல்லு வச்சா அடுப்பு. பாறைதான் பாய்.

அந்த வருசம் அந்தப் பொண்ணும் கூடையத் தூக்கிட்டு வந்து நின்னா. அவளுக்கு அப்பா இல்ல, அம்மாவுக்கு முடியல. அவ காட்டுக்குப் போனாத்தான் வீட்டுல அடுப்பெரியும். வாயாடி விடுவாளா? "யானை வந்தா இவளுக்கு எப்படித் தெரியும்? இவளக் காப்பாத்தப் போயி நாம சாகவா?"ன்னா. ஊருக்குப் பெரியவரு சடையன் மூப்பன் அவ கூடைய ஒரு தடவ பாத்தாரு. "இந்த ஒரு தடவ வரட்டும். இவளால ஒரு தொந்தரவு வந்தாலும் அப்புறம் காட்டுப் பக்கமே வரக்கூடாது"ன்னாரு. அவர் உதட்டப் பாத்தே அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. தலைய ஆட்டிட்டுக் கெளம்பிட்டா.

ம் சொல்லு. சரி.

அப்புறம் ஓடைக்குப் போய்ச் சேந்தாங்க. அருவி "ஹோ...ஓ"ன்னு விழுது. பக்கத்துல நிக்கிறவ பேசுனாலும் வாய் அசையறதுதான் தெரியும். அங்க எல்லாரும் செவிடுதான்டி. ஆனா செவிடா இருந்து பழகுனவ அவ ஒருத்திதான்.

மொத நாள் சாயங்காலம் கஞ்சி கொதிக்குது, தளதளன்னு. அப்போ அவ மூக்கச் சுருக்குனா. ஏதோ வாடை. திரும்பிப் பாத்தா, காத்தே இல்ல, மூங்கில் நுனி மட்டும் ஆடுது. ஓடி வந்து மூப்பன் முன்னால நின்னு, மூக்குல கைய வச்சு நீளமா ஆட்டிக் காட்டுனா. எல்லாரும் பாறை மேல ஏறவும், மூங்கில மடக்கிட்டு ஒத்த யானை வரவும் சரியா இருந்துச்சு. கஞ்சிச் சட்டிய ஒரு உருட்டு உருட்டிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. வாயாடி என்ன சொன்னா தெரியுமா? "ஏதோ குருட்டாம்போக்குல பாத்துட்டா"ன்னா. கொழுப்பு.

ரெண்டாம் நாள் அந்த வாயாடி நடு அருவிக்குப் பின்னால பாசி நெறைய இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லாமப் போனா. சர்ருன்னு வழுக்கி, பொத்துன்னு விழுந்து, ஒரு காலு ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. கத்துறா, கத்துறா, தொண்ட கிழியக் கத்துறா. ஹோன்னு அருவி அத்தனையையும் முழுங்கிருச்சு. அப்போ மேல பாசி எடுத்துட்டிருந்த அந்தப் பொண்ணு தலைய எண்ணுனா. காது கேக்காதவ அடிக்கடி சுத்திப் பாத்துக்கிட்டே இருப்பால்ல, அந்தப் பழக்கம். ஒரு தல கொறையுது. தேடி எறங்கி வந்து, கல்லப் பொரட்டி, கால எடுத்துவிட்டா. அப்பவும் வாயாடி ஒரு நல்ல வார்த்த சொல்லல. வெக்கம் அவளுக்கு.

தூங்கிட்டியா? ம். கேளு.

மூணாம் நாள் மத்தியானம், சோறு தின்னுட்டு ஓடை மணல்ல எல்லாரும் அசந்து தூங்குறாங்க. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. அவ மட்டும் தண்ணியில கால விட்டு உக்காந்திருக்கா. அப்போ தண்ணி சில்லுன்னு ஆச்சு. கூழாங்கல்லு தெரிஞ்ச தண்ணி டீத்தண்ணியா மாறுச்சு. சருகும் சுள்ளியுமா மெதந்து வருது. உக்காந்திருந்த பாறை குறுகுறுன்னு அதிருது. மேல்மலையில எங்கயோ மழை கொட்டி வெள்ளம் வருதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கத்த வராது. கத்துனாலும் யாருக்குக் கேக்கும்? ஓடுனா. ஒவ்வொருத்தர் உள்ளங்கால்லயும் தட்டுனா. டப், டப். ரெண்டு தட்டு. எந்திரிச்சவங்களுக்கு மேட்டக் காட்டுனா. ரெண்டு நாளாப் பாத்தவங்க இல்லையா, ஒருத்தரும் ஏன்னு கேக்கல. வாயாடிதான் கால் வலியில "போடி"ன்னு பொரண்டு படுத்தா. கொண்டையப் புடிச்சா பாரு, தரதரன்னு இழுத்து, முதுகுல தூக்கிப் போட்டு, மேட்டுல கொண்டுபோய் எறக்குனா.

எறக்கி மூச்சு விடல, கடகடகடன்னு வந்துச்சு வெள்ளம். பந்தல் போச்சு, அடுப்பு போச்சு, சட்டி போச்சு. அவ தலைய எண்ணுனா. பதினாலு. ஒண்ணும் கொறையல. அப்புறம் பயந்துபோயிருந்த ஒவ்வொருத்தர் கால்லயும் ஒரே ஒரு தட்டு தட்டுனா. ஒரு தட்டுன்னா, ஒண்ணுமில்ல, நிம்மதியா இருன்னு அர்த்தம்.

அப்போ மூப்பன் எந்திரிச்சு, "இனிமே இவ இல்லாம யாரும் இந்த ஓடைக்கு வரக்கூடாது"ன்னாரு. அருவிச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அதனால கையால சொன்னாரு. எல்லாரும் கையாலயே சரின்னாங்க. அன்னைக்குத்தான் ஊரே மொத மொதல்ல அவ பாஷையில பேசுச்சு.

அந்த வாயாடி யாருன்னு கேளு. நான்தான்டி. சிரிக்காத. ஊருக்கு வந்ததும், "கட்டுனா அவளக் கட்டு"ன்னு எங்கண்ணன் உயிர எடுத்தேன். உங்கப்பன்தான், வேற யாரு? இப்பத் தெரியுதா, உங்கம்மா காலையில உன் உள்ளங்கால்ல ஏன் ரெண்டு தட்டு தட்டி எழுப்புறான்னு? அவள நெனச்சா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு நிமிந்துரும்.

இந்நேரம் அந்த ஓடைக்கரையில உங்கம்மா தலைய எண்ணிட்டிருப்பா. கோடி வீட்டுப் பயகளோட அப்பனும் அதுல ஒரு தல. அவனுங்க நாளைக்கு வாயத் தொறந்தா, "உங்கப்பன் யாரை நம்பிப் போயிருக்காரு?"ன்னு மட்டும் கேளு. வேற ஒண்ணும் பேசாத.

என்ன, "ம்"மக் காணோம்? சரி, கதை மேட்டுக்கு ஏறிருச்சு, நீ தூங்கு. கால இப்படி நீட்டு. இந்தா.

டப்.

ஒரே தட்டு.